வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி

1

இன்று காலை சமையலறைக் குழாயைத் திறந்தேன். இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. பனி கடுமையாக விழுந்ததில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துபோயிருந்தது. தேநீருக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் வாசல் கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு டோரின் நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருக்கோடி வீட்டுக்காரர், அவருக்கும் பின்னால் பக்கத்து வீட்டு மிஸஸ் பார்ட்டன். மூன்று பேர் கையிலும் காலி வாளி.

“உங்கள் வீட்டிலும் வரவில்லையா? இப்போது என்ன செய்யலாம்?” என்று டோரின் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழாயை உறைய வைத்ததும் நானில்லை, உருக்கப் போவதும் நானில்லை. இருந்தாலும் இந்தத் தெருவில் தண்ணீர் நின்றால் முதலில் தட்டுகிற கதவு என்னுடையது. அடுத்த அரை மணியில் தண்ணீர் தானாக வந்துவிட்டது. எல்லோரும் எங்கள் வீட்டிலேயே தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். வாளிகளைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பெரிய குளிர் வந்து இந்த சனவரியோடு மூன்று வருடம் ஆகிறது.

திண்டுக்கல்லில் இதைப் படிக்கிற என் மக்களுக்கு முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இது வட இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஒரு சின்ன ஊர். என் கணவர் நம் ஊர் தோல் ஷாப்பில் தோல் பதனிடப் பழகியவர். தோலைத் தடவிப் பார்த்தே அது எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கையை நம்பித்தான் இங்கே கூப்பிட்டார்கள். அவர் முதலில் வந்தார். இரண்டு வருடம் கழித்து நானும் எங்கள் மகள் நூர்ஜகானும் கப்பலேறினோம். வீட்டில் அவள் நூரு. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மூன்றாவது வாரமே நோரா ஆகிவிட்டாள்.

நான் சொல்லப்போவது பெருமைக் கதைதான். தம்பட்டம் அடிக்கிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

2

வந்த புதிதில் எனக்குப் பயம். பேயைக் கண்ட பயமோ பாம்பைக் கண்ட பயமோ இல்லை. பாம்பு என்றால் ஓடலாம், அடிக்கலாம். இது வாசல் மணி அடித்தால் வருகிற பயம். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டால் வருகிற பயம். ஆபீஸ் கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுவேன். அவர் வேலை முடிந்து வந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டால் இல்லை என்பேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அதையும் பழகினேன்.

எல்லாம் ஒரு குடையில் ஆரம்பித்தது. வந்த முதல் மாதம் மருத்துவ அட்டை வாங்க ஒரு ஆபீசுக்குப் போனோம். நானும் நூருவும் மட்டும். வரிசை சுவரோரமாக வளைந்து நின்றது. எனக்குக் கால் கடுத்தது. சரி என்று என் குடையை முன்னால் இருந்தவருக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு, ஓரத்தில் கணப்புக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நம் ஊரில் இதில் என்ன தப்பு? குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ரேஷன் கடையில் பை நிற்கும், குழாயில் குடம் நிற்கும், ஆள் நிழலில் இருப்பாள். முறை வரும்போது எழுந்து போனால் போதும்.

என் முறை வந்தது. குடையைக் காணோம். யாரோ நல்ல மனுஷர், யாரோ தொலைத்தது என்று எடுத்துக்கொண்டுபோய் ஆபீஸ் ஆளிடம் கொடுத்திருக்கிறார். நான் குடை இருந்த இடத்தில் போய் நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஜன்னலில் இருந்த பெண் கடைசிக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஏழு வயது நூரு, முகம் சிவக்கச் சிவக்க, அத்தனை பேருக்கும் நடுவில், பள்ளிக்கூடத்தில் பழகிய கொஞ்ச ஆங்கிலத்தில் என் குடையைப் பற்றி விளக்கம் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் சிரிப்பு.

வீட்டுக்கு வரும் வழியில் நூரு சொன்னாள்: “அம்மா, இங்க ஆளுதான் நிக்கணும். இனிமே நீ பேசாத. நான் பேசிக்கிறேன்.”

அன்றிலிருந்து அவள்தான் பேசினாள். கடையில், டாக்டரிடம், பால்காரரிடம். நான் பின்னால் பொம்மை மாதிரி நிற்பேன். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள். எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம். இரண்டு வருடத்தில் நான் வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டேன். தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு. டாக்டர் நரம்புக் கோளாறு என்றார், மாத்திரை எழுதினார். எதைக் கண்டு பயம் என்று நூருவிடம் கேட்டார், நூரு என்னிடம் கேட்டாள். “எல்லாம்” என்றேன். அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது இன்னும் சின்னதாக இருந்தது.

அந்த டிசம்பரில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஒங்க அண்ணனுக்குக் கடுதாசி போட்டுட்டேன். ஏப்ரல்ல கப்பல். நீ ஊருல போய் ஒடம்பத் தேத்திக்க. நூரு இங்கனயே படிக்கட்டும். தம்பி பொண்டாட்டி பாத்துக்கிருவா.”

அவர் தம்பி குடும்பம் பக்கத்து ஊரில்தான் இருந்தது. நல்ல பெண். பிள்ளையை ஒன்றும் குறை வைக்கமாட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி” என்றேன். இந்த மாதிரி ஒரு தாய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். என் ஒரே பிள்ளையைக் கடலுக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போக ஒற்றை வார்த்தையில் சம்மதித்தேன்.

3

இதில் எனக்கே விளங்காத விஷயம் என்னவென்றால், ஊரில் நான் இப்படி இல்லை.

நாகல் நகரில் எங்கள் சந்தில் நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய். ஐம்பதுகளில் நம் ஊரில் இருந்தவர்களுக்கு நான் தண்ணீர்க் கஷ்டத்தை விளக்கவேண்டியதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது என்னைப் பெற்ற அத்தா மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதைவிடக் குழாயைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வரும் என்றார்கள். அது மழை பெய்த வருடத்தின் கணக்கு என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வருடம் மழை சுத்தமாகப் பொய்த்துவிட்டது. சித்திரையில் ஒன்பது நாள் குழாயில் காற்றுகூட வரவில்லை. தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளு செய்கிற தண்ணீரைக் கைப்பிடியில் அளந்தோம். பத்தாம் நாள் காலை தண்ணீர் திறந்துவிடுகிறவர் சைக்கிளில் வந்து, நாளைக்குக் காலையில் அரை மணி நேரம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முந்தின தடவை அரை மணி வந்தபோது நடந்ததைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியும் இன்னொருத்தியும் யார் குடம் முதலில் என்று முடியைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போனவர்களும் சண்டையில் சேர்ந்துகொண்டார்கள். இதற்கிடையில் குழாயின் தலை உடைந்து, அரை மணித் தண்ணீரும் சாக்கடையில் ஓடியது. நாங்கள் நாற்பது வீட்டுக்காரிகளும் ஒருத்தியை ஒருத்தி வைதபடி அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்த முறை சைக்கிள் திரும்பியதுமே பேச்சி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். “வரட்டும். எவ எனக்கு முன்னாடி கொடத்த வைக்கிறான்னு நானும் பாக்குறேன்” என்றாள். எதிர்வீட்டு சரோஜா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “வராதுக்கா. வந்தாலும் நமக்குக் கெடைக்காதுக்கா. புள்ளைக்குக் காச்சலு வேற. நான் என்னக்கா செய்வேன்?” என்று அழுதாள்.

ஒரே குழாய், ஒரே வறட்சி. பேச்சிக்கு அது சண்டைக்காரியாகத் தெரிந்தது. சரோஜாவுக்கு அது எமனாகத் தெரிந்தது. எனக்கு மட்டும் ஏனோ கணக்காகத் தெரிந்தது. அரை மணிக்கு எத்தனை குடம் ரொம்பும், நாற்பது வீட்டுக்கு எத்தனை வரும் என்று மனசு தானாக ஓடியது. நான் அவர்களைவிட தைரியசாலி இல்லை. எடை போட்ட விதம்தான் வேறு.

பேச்சியிடம் போனேன். “ஏ பேச்சி, ஒன்ன மாதிரி சத்தம் குடுக்க இந்தச் சந்துல ஆளு இல்லடி. நாளைக்கு நீ கொடத்தத் தூக்காத. குழாய்க்கிட்டக்க நில்லு. வரிசைய ஒடைக்கிறவள நீ கேளு. ஒன் கொடத்த நான் வைக்கிறேன்.”

பேச்சி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். “யார வேணாலும் கேக்கலாமா?”

“யார வேணாலும்.”

“ஒன் மாமியாளக்கூட?”

“அவங்களத்தான் மொதல்ல கேளு” என்றேன். அவளுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு சரோஜா. “ஏத்தா, எந்த வீட்டுல என்ன கெடுதி நடக்கும்னு ஒனக்குத்தானே எல்லாத்துக்கும் முன்னாடி தெரியும். செத்த நேரம் அழுகாம அத ஒவ்வொண்ணாச் சொல்லு” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், பாருங்கள்! பிள்ளை பெற்று ஏழு நாளான வீடு எது, படுத்த படுக்கையான பெரியவர் இருக்கிற வீடு எது, எந்த வீட்டில் நேற்றே கடைசிக் குடம் காலி. எனக்கு ஒன்றுமே தெரியாது. கவலைப்படுகிறவளுக்கு அம்புட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்கு ஒரு குடம் என்று வரிசையில் வைத்தோம். சரோஜா சொன்ன வீடுகள் முதலில். குடத்தின் கழுத்தில் சுண்ணாம்பால் வீட்டு எண்ணைப் போட்டேன். ஆட்கள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், நாலு பேர் மட்டும் குழாயடியில். தண்ணீர் வந்தது. நாலு பேரும் மாற்றி மாற்றி வைத்தோம், எடுத்தோம். பேச்சியின் சத்தம் மலைக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். நாற்பது குடமும் ரொம்பி, இரண்டாவது சுற்றில் பாதி வந்தபோது தண்ணீர் நின்றது. ஒரு குடம் உடையவில்லை, ஒருத்தி முடி கலையவில்லை. அதற்குப் பிறகு நான் கப்பலேறும் வரைக்கும் அந்தக் குழாய்க்கு நான்தான் ராணி.

அந்த ராணிதான் இங்கே வந்து வாசல் மணிக்குப் பயந்து அடுப்படியில் ஒளிந்தாள்.

4

அறுபத்து மூன்றாம் வருடம் சனவரியில் எங்கள் தெருவின் பூமிக்கடியில் இருந்த குழாயே உறைந்துவிட்டது. பனி முழங்கால் உயரம். ஆண்கள் எல்லோரும் ஆலைக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் வண்டி ஒன்று தினம் ஒரு முறை தெருவுக்கு வரும், இருபது நிமிடம் நிற்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். நூருதான் எனக்கு மொழிபெயர்த்தாள். நான் படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்திலும் குழாய் உறைந்துவிட்டதால் அவளுக்கு விடுமுறை.

வண்டி வந்தது. நூரு வாளியோடு ஓடினாள். நான் மாடி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். இங்கிலாந்துக்காரர்கள் வரிசைக்குப் பெயர் போனவர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு மணி நேரம் பனியில் நின்று பல் கிட்டிப்போனால் எந்த ஊர்க்காரரும் ஒரே ஊர்க்காரர்தான். மேல்கோடி வீட்டுக்காரர்கள் குளியல் தொட்டியையே தூக்கி வந்து ரொப்பினார்கள். ஒரு கிழவர் வழுக்கி விழுந்தார். மிஸஸ் பார்ட்டன் வண்டிக்காரரோடு மல்லுக்கு நின்றாள். டோரின் கைக்குழந்தையோடு வாசல்படியில் நின்று அழுதாள். யாரோ இடித்ததில் நூரு பனியில் விழுந்தாள். வண்டி போய்விட்டது. தெருவின் கீழ்ப்பாதிக்கு ஒரு சொட்டு இல்லை.

நூரு காலி வாளியோடு மேலே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. “கெடைக்கல” என்றாள். இவ்வளவு நாள் எனக்காக ஊரெல்லாம் பேசிய பிள்ளை, வாளியைக் கீழே வைத்துவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

அவள் தலையைத் தடவிக்கொண்டே நான் ஜன்னலைப் பார்த்தேன். மிஸஸ் பார்ட்டன் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். டோரின் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பொட்டென்று உறைத்தது. அட, அது பேச்சி. இது சரோஜா. வெள்ளைத் தோலும் கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இது நம்ம சித்திரை மாசம்!

நெஞ்சு படபடக்கிறதா என்று பார்த்தேன். படபடத்தது. ஆனால் இது வேறு படபடப்பு. பந்தி பரிமாறப் போகுமுன் வருமே, அது.

பிறகு பலநாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கஷ்டம் வந்தால் மனசு இரண்டு கேள்வி கேட்கிறது. இது என்னை என்ன செய்யும்? இதற்கு என் கையில் என்ன இருக்கிறது? இங்கே வந்த நாளிலிருந்து நான் முதல் கேள்வியோடு நின்றுவிட்டேன். இரண்டாவதைக் கேட்கவே இல்லை. கேட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அன்றைக்குக் கேட்டேன். பதில் சரசரவென்று வந்தது. நாற்பது வீடு பார்த்தவள் நான். ஒரு பேச்சி இருக்கிறாள், ஒரு சரோஜா இருக்கிறாள், வாளிகள் இருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

5

மறுநாள் காலை அவருடைய பழைய ஓவர்கோட்டைச் சேலைமேல் போட்டுக்கொண்டேன். இரண்டு ஜோடி காலுறை, அவருடைய பூட்ஸ், தலையில் முக்காடும் அதன்மேல் கம்பளியும். நூரு என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

“அம்மா, எங்க போற?”

“வரிசை வைக்க.”

“அம்மா, வேணாம். இங்க அப்படியெல்லாம் கெடையாது. சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். சிரிச்சா கொஞ்சம் சூடேறும்” என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், ரொம்ப நாளைக்கப்புறம் நான் ஒரு வேடிக்கை பேசியிருக்கிறேன்.

மிஸஸ் பார்ட்டன் வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அதுதான் முதல் தடவை. என் ஆங்கிலம் நாலைந்து சொல். அதை வைத்துக்கொண்டு சொன்னேன்: “நீ பெரிய சத்தம். நல்லது. நீ வண்டிப் பக்கம் நில். நான் வாளி.” அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இடுப்பில் கைவைத்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நாற்பது வருடமாக எல்லோரும் என் சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள், நீ ஒருத்திதான் நல்லது என்று சொன்னாய் என்றாள். இதை நூரு மொழிபெயர்த்தாள். எனக்கு அவள் சிரிப்பிலேயே பாதி விளங்கிவிட்டது.

டோரினிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எந்த வீட்டில் கஷ்டம்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். தெருக்கோடியில் தனியாக இருக்கிற கிழவர், கால் உடைந்த டீச்சர், இரட்டைக் குழந்தை வீடு. நம் சரோஜா தோற்றாள்!

நூருவின் பள்ளிக்கூடச் சாக்கட்டியால் வாளிகளில் வீட்டு எண்ணைப் போட்டோம். வாளி இல்லாதவர்கள் பிள்ளை குளிப்பாட்டுகிற தொட்டியைக் கொடுத்தார்கள். ஒருவர் நிலக்கரி போடுகிற தகரத்தைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். வரிசை வைத்தாயிற்று. இப்போதுதான் கஷ்டம் வந்தது. வாளியை வைத்துவிட்டு யாரும் உள்ளே போக மாட்டேன் என்றார்கள். வாளிக்குப் பின்னால் ஆளும் நின்றார்கள். அவர்களுக்கு வரிசை என்றால் ஆள் நிற்பது. குடை சம்பவம் எனக்கு நினைவில் இல்லாமல் இருக்குமா?

நான் என் வாளியை எடுத்துக்கொண்டுபோய் எல்லோருக்கும் கடைசியில் வைத்தேன். வைத்துவிட்டு என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஒருவரும் அசையவில்லை. டோரின் குழந்தை வீறிட்டது. அவள் உள்ளே போனாள். தெருக்கோடிக் கிழவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். பிறகு ஒவ்வொருவராக, இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, எல்லோரும் போனார்கள். தெருவில் முப்பத்தாறு வாளிகளும் மிஸஸ் பார்ட்டனும் மட்டும் நின்றார்கள்.

வண்டி வந்ததும் அவள் ஒரு குரல் கொடுத்தாள். நானும் தெருப் பெண்கள் மூன்று பேரும் ஓடினோம். மேல்கோடிக்காரர் ஒருவர் தன் குளியல் தொட்டியோடு குறுக்கே வந்தார். மிஸஸ் பார்ட்டன் அவரிடம் சொன்னது என்ன என்று நூரு இன்றைக்கு வரைக்கும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் தொட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முப்பத்தாறு வாளியும் ரொம்பியது. கடைசி வாளி என்னுடையது. எல்லா ஜன்னலிலும் முகங்கள். யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். தெரு முழுக்கக் கைதட்டியது.

6

வரிசை வைத்த நாலாம் நாள் கழுத்தில் அட்டை தொங்க ஒரு அதிகாரி வந்தார். ரோட்டில் ஆளில்லாமல் வாளிகளை வைப்பது விதிக்கு விரோதம், யாராவது தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்றார். மிஸஸ் பார்ட்டன் வாயைத் திறக்குமுன் நான் அவள் கையை அழுத்தினேன். எங்கே எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதும் கணக்குத்தான்.

“இதற்கு யார் தலைமை?” என்றார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என் சேலையைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். பிறகு குனிந்து நூருவிடம் மெதுவாக, “உன் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியுமா?” என்று கேட்டார். நூரு வழக்கம்போல வாயெடுத்தாள். நான் அவள் தோளில் கையை வைத்தேன்.

“நான் பேசுறேன்த்தா.”

பேசினேன். இலக்கணமெல்லாம் கேட்காதீர்கள். ஒரு வீடு, ஒரு வாளி. பிள்ளை வீடு முதல், கிழவர் வீடு முதல். மனுஷர் உள்ளே, சூடு. வாளி வெளியே, வாளிக்குக் குளிராது. முதல் நாள் இரண்டு பேர் விழுந்தார்கள். பிறகு மூன்று நாள், யாரும் விழவில்லை. நீங்கள் நில்லுங்கள், பாருங்கள்.

நின்றார், பார்த்தார். இருபது நிமிடம் நிற்கவேண்டிய வண்டி பதினைந்தாவது நிமிடம் கிளம்பியது. தன் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். பக்கத்துத் தெருவில் தினம் அடிதடியாக இருக்கிறது, வந்து இதை ஒருமுறை காட்ட முடியுமா, மேடம் என்று கேட்டார். மேடம்! இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொன்னதில்லை.

“நாளை. பத்து மணி” என்றேன்.

அவர் போனதும் நூரு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அம்மா, நீ இப்படித்தான் ஊருல இருந்தியா?” என்றாள்.

“இதவிட மோசம்” என்றேன்.

ஆறு வாரம் வரிசை நடந்தது, மூன்று தெருவில். டாக்டரிடம் மறுபடி போனபோது நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாத்திரை நன்றாக வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டார். அந்த மாத்திரையை விழுங்கத் தண்ணீர் செலவழிப்பானேன் என்று நான் ஒரு மாதமாகத் தொடவில்லை. நல்ல மனுஷர், அவர் சந்தோஷத்தைக் கெடுக்கவில்லை.

பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் தெரியாத ஆபீஸ் படியில் கால் வைத்தால் திரும்பி ஓடிவிடலாமா என்று இருக்கும். இருக்கட்டும். அதோடேயே உள்ளே போய்விடுகிறேன்.

7

மார்ச்சில் பனி உருகியது. அவர் ஒருநாள் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கப்பல் டிக்கெட்டு… என்ன செய்யலாங்கிற? நான் நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

“நீங்க போக வேணாம். என் பேருல உள்ள டிக்கெட்டு. நான் போறேன்.”

நானும் நூருவும் பஸ்ஸேறி லீட்ஸில் இருந்த கப்பல் ஆபீசுக்குப் போனோம். வரிசையில் ஆளாக, காலால் நின்றேன். என் முறை வந்தது. ஜன்னலில் இருந்த இளைஞர் எல்லோரையும் போல நூருவைப் பார்த்து, அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நூரு சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி கேட்டார்.

“அம்மாகிட்டயே கேளுங்க. அவங்களே சொல்லுவாங்க” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பவும் கப்பலைப் பார்த்தாள்.

டிக்கெட்டை ஜன்னலுக்குள் நீட்டினேன். “இது வேண்டாம்.”

“தேதி மாற்ற வேண்டுமா?”

“தேதி வேண்டாம். பயணம் வேண்டாம்.”

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். ரத்து செய்கிற காரணம் எழுதவேண்டுமாம். உடம்பு சரியில்லையா என்றார். உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன். குடும்பத்தில் துக்கமா என்றார். இல்லை, சந்தோஷம் என்றேன். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் என்ன எழுதட்டும் என்றார். எனக்குப் பின்னால் நீளமாக ஆட்கள் நின்றார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

நான் யோசித்தேன். பதறாமல், நன்றாக யோசித்தேன்.

“இங்கே இருக்கிறேன். அப்படி எழுதுங்கள்” என்றேன்.

அவர் அப்படியே எழுதிப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துக்கு விட்டிருந்த கட்டம் சிறியது. என் முழுப் பெயர், அத்தா பெயரோடு சேர்த்து, நீளம். பின்னால் மறுபடி கனைத்தார்கள். நான் ஒரு எழுத்தையும் விடாமல், தமிழில், கட்டத்தைத் தாண்டி எழுதி முடித்தேன். முடித்த பிறகுதான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன்.